நான் அவித்த விதைநெல்

“ஏட்டப் பார்த்துச் சமைக்கப் படிச்ச புள்ள, ரெண்டு நாளைக்கு இந்த அடுப்பக் கட்டி ஆளட்டும் பார்ப்பம். மறுகா கதைப்பம்.”

இதைச் சொன்னவர் என் மாமி, அப்பாவின் அக்கா. மூன்று வருடங்களுக்கு முன், ஆவணி மாதக் கடைசியில், மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையில் உள்ள அவருடைய தென்னந்தோட்டத்தில் வைத்துச் சொன்னார். காய்ந்த ஓலையை இழுத்துக்கொண்டே, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கோ சுருக்கென்று தைத்தது. காட்டுகிறேன் பார் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அந்த வீறாப்பில்தான் என் வாழ்நாளின் மிகப் பெரிய மடத்தனத்தைச் செய்தேன்.

எங்கள் ஊர் வாவிக்கு மேற்கே இருக்கிறது. பொழுது படுகிற பக்கம் என்பதால் அதற்குப் படுவான்கரை என்று பெயர். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் பாய்கிற வட்டை என்ற வயல்வெளியில் அப்பாவுக்கு ஒரு ஏக்கர் வயல். அந்த வருடம் ஆடி மாதத்தில் எங்கள் பக்கம் ஷெல் விழத் தொடங்கியதும், ஊர்ச் சனம் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வாவிக் கரைக்கு ஓடி வந்து, தோணி ஏறி இந்தப் பக்கம் சேர்ந்தது. ஒருவர் தையல் மெஷினைத் தூக்கி வந்தார். இன்னொருவர் கோழிகளைக் கூடையோடு கொண்டுவந்தார். எங்கள் அப்பா கொண்டுவந்தது இரண்டு மூடை நெல். பாரம் கூடிப்போச்சு, மூடையை இறக்கு என்று தோணிக்காரர் சொன்னாராம். அப்படியென்றால் நான் இறங்குகிறேன், மூடை போகட்டும் என்று அப்பா தண்ணீரில் குதித்து, கடைசித் தோணியில் வந்து சேர்ந்தாராம்.

இதை அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் அப்போது அங்கே இல்லை. பதினொரு வயதிலிருந்தே மாமி வீட்டில் தங்கிப் படித்தவள் நான். விடுமுறைக்குத்தான் ஊருக்குப் போவேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அப்பாவும் அம்மாவும் எந்தக் கடதாசியிலும் பெருவிரல் வைப்பவர்கள். சாதாரண தரப் பரீட்சையில் மனைப்பொருளியலுக்கு எனக்கு அதிவிசேட சித்தி கிடைத்தபோது, அது என்ன பாடம் என்று அப்பா கேட்டார். சமைப்பது, தைப்பது, வீட்டைச் சிக்கனமாக நடத்துவது என்று சொன்னேன். அதுக்கும் சோதனை வைக்கிறாங்களா என்று ஆச்சரியப்பட்டார். எனக்கு அது பிடிக்கவில்லை. என் கொப்பியில் முப்பத்தாறு சமையல் குறிப்புகள் இருந்தன. எல்லாவற்றையும் மனப்பாடமாகச் சொல்வேன்.

இடம்பெயர்ந்து வந்த எங்களுக்கு மாமி தோட்டத்தின் பின்பக்கம் ஒரு கொட்டில் போட்டுக் கொடுத்தார். அப்பா, அம்மா, நான், இரண்டு தங்கச்சிமார் என்று ஐந்து பேர். நிவாரணமாகக் கோதுமை மாவும் பருப்பும் கொஞ்சம் சீனியும் கிடைத்தன. சோற்றுக்கு அப்பா கொண்டுவந்த நெல். அம்மா ஒரு மூடையை அவிழ்த்து, அன்றன்றைக்கு வேண்டியதை உரலில் குற்றிச் சமைத்தார். அவிக்காத நெல் என்பதால் அரிசி பாதி நொறுங்கிக் குறுணலாகிவிடும். சோறும் காணாது. புழுங்கல் அரிசி நொறுங்காது, சத்தும் போகாது, பானையில் நன்றாக ஊதும் என்று நான் படித்திருந்தேன். இரண்டு தடவை சொல்லியும் பார்த்தேன். விறகுக்கு எங்கே போக மகள் என்று அம்மா தட்டிக்கழித்துவிட்டார்.

அந்த நேரத்தில்தான், வயல்காரர்கள் போய்த் தங்கள் காணியைப் பார்த்து வரலாம் என்று பாதை திறந்தார்கள். அப்பாவும் அம்மாவும் இரண்டு நாள் பயணமாகப் புறப்பட்டார்கள். அடுப்பு என் பொறுப்பு. மாமி அந்த வார்த்தையைச் சொன்னது அப்போதுதான். நெல் இருக்கிறது, பார்த்துச் சமை என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மா தோணிக்குப் போனார். மாமியும் மகள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

அவிழ்த்த மூடையில் பாதிதான் மிச்சம் இருந்தது. செய்வதை முழுதாகச் செய்து காட்ட வேண்டும் என்று, கட்டி வைத்திருந்த மற்ற மூடையைப் பிரித்தேன். அருமையான நெல். ஒரு பதர் இல்லை. இடையிடையே காய்ந்த வேப்பிலை கிடந்தது. நடுத் தங்கச்சி அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “அக்கா, அப்பா வந்தாப் பிறகு அவிப்பமா?” என்றாள். வேப்பிலை பூச்சி வராமல் இருக்கப் போடுவது என்று அவளுக்கு ஒரு பாடமே நடத்தினேன். அது சரியான விடைதான். ஆனால் அப்பா எதற்காக அந்த ஒரு மூடையை மட்டும் பூச்சியிலிருந்து காப்பாற்றி வைத்திருக்கிறார் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

முழு மூடையையும் அன்று மாலையே ஊறப்போட்டேன். மறுநாள் விடிந்ததும் மாமியின் கிடாரத்தை எடுத்து, தோட்டத்தில் கிடந்த ஓலையும் பாளையுமாக எரித்து, மூன்று தடவையாக அவித்தேன். உமி வாய் பிளந்து வந்த பதத்தில் இறக்கினேன். பாய்களில் பரப்பி, காலால் கிளறிவிட்டு, காகம் விரட்டத் தங்கச்சிமாரை இருத்திவிட்டு நிமிர்ந்தபோது எனக்கு இருந்த பெருமையை எழுத்தில் சொல்ல முடியாது. பரீட்சை முடிவு வந்த நாளில்கூட அவ்வளவு பெருமைப்படவில்லை.

பின்னேரம் நாலு மணிபோல் அவர்கள் வந்தார்கள். அப்பாவின் முகத்தில் இரண்டு மாதமாகக் காணாத வெளிச்சம். வீட்டுக் கூரை ஒரு பக்கம் போய்விட்டதாம், ஆனால் வயலுக்கு ஒன்றும் ஆகவில்லையாம், வரம்பெல்லாம் அப்படியே இருக்கிறதாம். இந்த மாரிக்கு விதைக்க விடுகிறார்களாம். படலையிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தவர் பாதி வழியில் நின்றுவிட்டார். அவித்த நெல்லின் வாசனை தோட்டம் முழுவதும் நிறைந்திருந்தது.

பாயருகில் குந்தி, ஒரு நெல்லை எடுத்துப் பல்லில் கடித்தார். எழுந்து கொட்டிலுக்குள் போனார். வெளியே வந்து வாசலிலேயே உட்கார்ந்தார்.

“இது விதைநெல்லு மகள்” என்றார்.

அம்மா குனிந்து பாயில் ஒரு பிடி நெல்லை அள்ளிப் பார்த்தார். பிறகு, நான் சொல்லிப்போட்டுப் போயிருக்க வேணும் என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். அவர் சொல்லாததில் பிழையில்லை. வயல்காரன் வீட்டில் அதை யாரும் யாருக்கும் சொல்வதில்லை, தங்கச்சிக்குக்கூட ஏதோ ஒரு நிதானம் இருந்தது. அதே வீட்டில் பிறந்த எனக்குத்தான் தெரியவில்லை.

அப்பா ஏசியிருந்தால் அழுதிருப்பேன். அவர் ஏசவில்லை. அவித்த நெல் முளைக்காது என்பதையோ, அந்த ஒரு மூடைதான் அந்த ஒரு ஏக்கருக்குரிய விதை என்பதையோ எனக்கு விளக்கிச் சொல்லவும் இல்லை. வேறு எங்காவது வாங்க முடியாதா என்று கேட்டேன். எல்லாரும் ஓடி வந்த சனம், எவரிடம் விதை இருக்கப்போகிறது என்றார். முதல் மழைக்கு ஆறு கிழமைதான் இருந்தது. அதற்குள் விதை கிடைக்காவிட்டால் வயல் தரிசாகக் கிடக்கும். அடுத்த வருடமும் நிவாரண வரிசைதான். அப்பா அந்த வரிசையில் நிற்கும்போது தலையைத் தூக்க மாட்டார்.

மறுநாளிலிருந்து அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு விதை தேடப் போனார். வடக்கே மாங்கேணி வரைக்கும்கூடப் போய் வந்தார். நான்கு நாளும் வெறுங்கையோடுதான் திரும்பினார். மாமி திரும்பி வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, கிடாரத்தைக் கழுவிக் கவிழ்த்தார். இரண்டு சொல் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஐந்தாம் நாள் நிவாரண வரிசைக்கு அம்மாவுக்குப் பதிலாக நான் போனேன். முன்னும் பின்னும் நின்றவர்களிடமெல்லாம் விதைநெல் பற்றிக் கேட்டேன். எனக்கு முன்னால் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் நின்றார். முப்பது வயதிருக்கும். அவரும் படுவான்கரைதான், வேறு ஊர். பள்ளிக்கூட முகாமில் இருப்பதாகச் சொன்னார். அவருடைய கணவருக்குக் காலில் காயம். இந்த மாரிக்கு வயலில் இறங்க முடியாது. விதைநெல் ஒரு மூடை கையில் இருக்கிறதாம். ஆனால் பிள்ளைகள் சோறு கேட்டு அழுவதால், நாளைக்கு அதை உரலில் போடப்போகிறாராம். சொல்லிவிட்டுக் குழந்தையின் மூக்கைத் துடைத்தார்.

யாரென்றே தெரியாத அவரிடம் நான் செய்ததை முழுவதும் சொன்னேன். வீட்டுக்கு வெளியே யாரிடமும் அதுவரை சொல்லவில்லை. கேட்டவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“முழு மூடையையுமா அவிச்ச நீ?”

ஓம் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரிசையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். அவர் திடீரென்று சிரிப்பை நிறுத்தினார்.

“கொஞ்சம் பொறுகா. அந்த அவிச்ச நெல்லு இன்னும் கிடக்கா?”

அப்போதுதான் எனக்கும் விளங்கியது. அவரிடம் விதை இருந்தது, சாப்பாடு இல்லை. எங்களிடம் சாப்பாடு இருந்தது, விதை இல்லை.

மறுநாள் அப்பா அவித்த நெல்லில் ஒரு பையை எடுத்துக்கொண்டு என்னோடு முகாமுக்கு வந்தார். பேரம் லேசில் முடியவில்லை. மூடைக்கு மூடை என்றால் தனக்குக் கட்டாது, கணவர் எழுந்து நடக்கும் மட்டும் பிள்ளைகளுக்குச் சாப்பாடு வேண்டும், அவித்த மூடையோடு தின்றது போக மிச்சமிருக்கும் கால் மூடையும் வேண்டும் என்றார் அந்தப் பெண். அதைக் கொடுத்தால் எங்களுக்கு ஒரு பிடி அரிசி மிஞ்சாது. அப்பா நிலத்தைப் பார்த்தபடி யோசித்தார். அதற்கிடையில் அந்தப் பெண் எங்கள் நெல்லில் ஒன்றை உரித்துக் கடித்துப் பார்த்து, நல்ல பதமாக அவித்திருக்கிறது, யார் அவித்தது என்று கேட்டார். அவருக்குத் தெரியாதா என்ன. அப்பா என்ன சொல்கிறார் என்று பார்க்கத்தான் கேட்டார்.

“என்ட மகள்தான்” என்றார் அப்பா. “படிச்ச புள்ள.”

அதில் குத்தல் ஏதும் இல்லை. நான் காதைத் தீட்டிக்கொண்டு தேடினேன், இல்லை. இந்த மூன்று வருடத்தில் நான் அதிகம் நினைத்துப் பார்த்தது அந்த இரண்டு சொற்களைத்தான்.

கடைசியில் அந்தப் பெண் கேட்டதற்கே அப்பா சம்மதித்தார், ஆனால் விதை முளைக்கிறதா என்று பார்த்த பிறகுதான் என்றார். அவருடைய விதையில் ஒரு பிடியை அப்பா ஈரத் துணியில் முடிந்து கொண்டுவந்து, கொட்டில் மூலையில் வைத்தார். மூன்றாம் நாள் அவிழ்த்தபோது ஐந்து பேரும் சுற்றி நின்றோம். ஒவ்வொரு நெல்லின் நுனியிலும் வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது. அம்மா எண்ணிப் பார்க்காமலே போதும் என்றார். அன்று பின்னேரமே மாமியின் வண்டியில் எங்கள் ஒன்றேகால் மூடை போனது. விதை மூடை வந்தது. இந்தத் தடவை அம்மா அதைத் தன் பாயின் தலைமாட்டில் வைத்துக்கொண்டார்.

இனி எங்களுக்குச் சோறு இல்லை. மதியத்துக்கு எதையாவது தின்று சமாளிக்கலாம், இராச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று அம்மா பயந்தார். அப்பா ஊரில் இருந்தவரை இரவில் சோறு தின்னாமல் படுத்ததில்லை. ரொட்டி தின்றால் வெறும் வயிற்றோடு கிடப்பதுபோல் இருக்கிறது என்று புரண்டுகொண்டே கிடப்பார். அவருக்கு உடம்பு தளர்ந்துவிட்டால் வயலில் யார் இறங்குவது? அது மட்டுமல்ல. பசி கூடினால், தலைமாட்டில் இருக்கும் மூடையின் மேல் யாருடைய கையாவது போய்விடும். அந்த முகாம்காரிக்கு நடந்ததுதான் எங்களுக்கும் நடக்கும். முதல் மழை வரும் மட்டும் இராச் சாப்பாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். அம்மா என்னை நம்பிச் சம்மதித்தார் என்று சொல்ல மாட்டேன். வேறு வழியில்லாமல் சம்மதித்தார்.

என் கொப்பியைப் பிரித்தேன். முப்பத்தாறு குறிப்பிலும் பட்டரோ முட்டையோ பசுப்பாலோ இருந்தது. கிராம் கணக்கில் இருந்ததையெல்லாம் பால் டின்னால் அளக்கிற சுண்டுக் கணக்குக்கு மாற்றினேன். பட்டருக்குப் பதில் தேங்காய் எண்ணெய், பாலுக்குப் பதில் மூன்றாம் தேங்காய்ப்பால். மாமியின் தோட்டத்தில் தேங்காய்க்குக் குறைவில்லை. முதல் நாள் கொப்பியில் ‘வெள்ளைச் சோஸ்’ என்று இருந்ததை மாவிலும் தேங்காய்ப்பாலிலும் கிண்டி, அவித்த மரவள்ளித் துண்டுகளின் மேல் ஊற்றி வைத்தேன். அப்பா விரலால் தொட்டுப் பார்த்தார். விரல் ஒட்டிக்கொண்டது.

“என்ன மகள், நோட்டீஸ் ஒட்டப் போறமா?”

தங்கச்சிமார் சிரித்து விழுந்தார்கள். இரண்டு மாதத்தில் அந்தக் கொட்டிலில் கேட்ட முதல் சிரிப்பு அது. அதனால் எனக்கும் கோபம் வரவில்லை. ஆனால் அப்பா அன்று பாதியிலேயே கை கழுவிவிட்டார்.

அடுத்த நாள் ரொட்டிக்குள் முருங்கையிலை பிசைந்து சுட்டேன். அதற்கடுத்த நாள் பிட்டு. சுவையில் யாரும் குறை சொல்லவில்லை. தங்கச்சிமார் கேட்டு வாங்கித் தின்றார்கள். அப்பா மட்டும் கொஞ்சம் தின்றுவிட்டு எழுந்துவிடுவார். அவர் சாப்பிடுவதை ஒரு நாள் கூர்ந்து பார்த்தேன். பருப்புத் தண்ணியைப் பிட்டில் ஊற்றுவார். விரல்கள் நான்கும் கூடிக் குழைக்கப் போகும். பிட்டு கரைந்து களியாகிவிடும். விரல்கள் ஏமாந்ததுபோல் நிற்கும். வயலில் இருந்து வந்த மனிதருக்கு இரவில் வேண்டியிருந்தது சோற்றின் ருசி மட்டுமல்ல. குழைத்து, பிடித்து, உருட்டி வாயில் வைக்க வேண்டும். மணி மணியாக விரலில் தட்டுப்பட வேண்டும். இதை எந்தக் கொப்பியிலும் நான் எழுதியிருக்கவில்லை.

அப்படியானால் மாவை மணியாக்க வேண்டும். மாவைத் துணியில் கட்டி அவித்து, அரித்து, உப்புத் தண்ணீர் தெளித்து விரல் நுனியால் உருட்டினேன். அரிசி அளவுக்குக் குருணையாக வந்தது. சந்தோஷமாகச் சுடுநீரில் போட்டேன், கூழாகிவிட்டது. அவிக்காத மாவில் உருட்டினேன், நெல்லிக்காய் அளவுக்குத் திரண்டு உள்ளே மா மாவாகவே இருந்தது. நான்கு நாள் இப்படிப் போனது. வீணானதையெல்லாம் சீனி போட்டுக் கஞ்சியாக்கித் தங்கச்சிமாருக்குக் கொடுத்தேன். ஐந்தாம் நாள், மூன்று சுண்டு அவித்த மாவுக்கு ஒரு சுண்டு பச்சை மா சேர்த்தேன். மணி உடையவும் இல்லை, திரளவும் இல்லை. கண் அளவு வேறான இரண்டு அரிதட்டில் மாறி மாறி அரித்து, ஒரே அளவானதை எடுத்து, ஓலையில் இழைத்த நீத்துப்பெட்டியில் ஆவியில் அவித்தேன். பாயில் பரப்பி இரண்டு நாள் வெயிலில் காயவைத்தேன். காய்ந்தபோது கையில் அள்ளினால் சலசலவென்று உதிர்ந்தது.

மூன்றாம் நாள் பொழுது படுகிற நேரத்தில் அதைத் தண்ணீரில் போடாமல், லேசாக ஈரம் தெளித்து இன்னொரு முறை ஆவியில் வைத்தேன். மணிகள் ஊதி மெதுவாயின. முருங்கையிலையும் புளியும் போட்டுத் தண்ணியாகப் பருப்பு வைத்தேன். வாவியில் பிடிக்கிற கூனி என்ற பொடி இறாலைக் காய்ந்த மிளகாயோடு வறுத்தேன். ஐந்து பேருக்கும் அவ்வளவுதான். வெங்காயம் இரண்டு, தேங்காய் பாதி, கூனி ஒரு கைப்பிடி.

அப்பாவுக்கு முன்னால் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு, அடுப்பைக் கிளறுவதுபோல் குனிந்துகொண்டேன். பருப்பை ஊற்றினார். விரல்கள் கூடின. குழைத்தார். ஒரு பிடி பிடித்து வாயில் வைத்தார். மற்றப் பிடியை உருட்டிப் பக்கத்தில் இருந்த கடைசித் தங்கச்சியின் வாயில் வைத்தார். ஊரில் சோறு தின்னும்போது அவர் எப்போதும் செய்வது அது. ஓடி வந்த பிறகு செய்ததில்லை.

கோப்பையை என் பக்கம் நீட்டினார்.

“இன்னும் ரெண்டு அகப்பை வை மகள்.”

அன்று அவர் புரளாமல் தூங்கினார் என்று அம்மா காலையில் சொன்னார்.

பிறகு அது எங்கள் வீட்டு வேலையாகவே ஆகிவிட்டது. காலையில் அம்மா மாவை அவிப்பார். தங்கச்சிமார் அரிப்பார்கள். நானும் அம்மாவும் உருட்டுவோம். என் விரலைவிட அம்மாவின் விரலுக்குத்தான் மணி சீராக வந்தது. அளவு நான் சொல்வேன், கை அவருடையது. மாமி வந்து ஒரு கோப்பை வாங்கித் தின்றுவிட்டு, கூனிக்கு உறைப்புக் காணாது என்றார். முகாமிலிருந்து அந்தப் பெண்ணும் குழந்தையோடு ஒரு நாள் வந்தார். எங்கள் நெல்லைக் கொண்டு வாரத்தில் நான்கு இரவு சோறும், மூன்று இரவு மாச் சோறுமாக ஓட்டினால் இன்னும் நாள் போகும் என்று நான் சொல்லிக் கொடுத்தேன். மாச் சோறு என்ற பேரை வைத்தது அவர்தான். முகாமில் அடுத்த கிழமையே பல கொட்டில்களின் முன்னால் பாய்களில் அது காய்ந்ததைப் பார்த்தேன். சிலர் என்னைக் கேட்காமலே அதில் கீரையை அரைத்துச் சேர்த்துப் பச்சையாக்கியிருந்தார்கள். என்னுடையதைவிட அது நன்றாகவே இருந்தது.

ஐப்பசியில் மேகம் கறுத்தது. விதை மூடைக்கு அனுமதித் துண்டு வாங்கி, துறையில் சோதனைச்சாவடியில் மூடையை அவிழ்த்துக் காட்டி, அப்பா அதைப் படுவான்கரைக்குக் கொண்டுபோனார். நானும் போனேன். அவர் வரம்பில் நின்று கைவீசி விதைப்பதை என் பதினெட்டு வயதில் அன்றுதான் முதல் தடவையாக நின்று கவனித்தேன். ஐந்து வீட்டு வயல்தான் அந்த வட்டையில் அந்த மாரிக்கு விதைபட்டது. எங்களுடையது அதில் ஒன்று. பத்து நாள் கழித்துப் போனபோது வயல் முழுவதும் ஊசி ஊசியாகப் பச்சை. அப்பா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தூரத்தில் எங்கோ வெடிச் சத்தம் கேட்டது. இரண்டு பேருமே திரும்பவில்லை.

அந்த வெள்ளாமை வீட்டுக்கு வந்து சேர்ந்தது. முழுவதும் வந்தது என்று சொல்ல முடியாது, ஆனாலும் வந்தது. அதற்குப் பிறகும் ஒரு தடவை ஓடினோம், திரும்பி வந்தோம். சண்டை இன்னும் முடியவில்லை. இப்போது எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியையாக மனைப்பொருளியல் படிப்பிக்கிறேன். நான் படித்ததில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான். அன்று நான் சொன்ன எதுவும் பொய்யில்லை. புழுங்கல் அரிசி நொறுங்காது, சத்தும் போகாது, நன்றாக ஊதும். ஆனால் அந்த மூடை யாருடைய எந்த நாளைக்காகக் காத்திருக்கிறது என்று எந்தப் புத்தகமும் சொல்லாது. அதை வீட்டில்தான் கேட்க வேண்டும். அதனால் என் வகுப்புப் பிள்ளைகள் ஒரு குறிப்பை எழுதும் முன், அவரவர் வீட்டு அடுக்களையில் இன்று என்ன இருக்கிறது, அதில் எதைத் தொடக்கூடாது என்று கேட்டு வர வேண்டும். அதற்குப் பிறகுதான் பாடம்.

ஒரு பானையில் என்ன வேகிறது என்பதில் மட்டுமல்ல, அந்தப் பானைக்குள் எது போகாமல் இருக்கிறது என்பதிலும் ஒரு குடும்பம் உயிரோடு இருக்கிறது என்று எனக்கு அந்த ஆறு கிழமைதான் காட்டியது. இந்த மாரிக்கு அப்பா தன் வயலில் ஒரு சிறு துண்டை வரம்பு கட்டி எனக்கென்று பிரித்துத் தந்திருக்கிறார், அதற்குரிய விதையை இன்று காலை என் கையாலேயே முளைகட்ட ஊறப்போட்டுவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.